சீசன் சார்

சென்னைப் புறநகரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். சங்கச் செயலாளர், செயலாளரைப் பிடிக்காதவர், சீசன் சார். முதல் இருவரும் பொதுக்குழு நடக்கும் அன்றுதான் நம்மைப் பிடிப்பார்கள். சீசன் சார் லிஃப்டில் தினமும் பிடிப்பார், அதுவும் நம் கையில் காய்கறிப் பை தொங்கும் நேரம் பார்த்து.

எங்கள் தாம்பரம் குடியிருப்பின் சீசன் சார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கடன் கேட்டு வந்தவர்களைக் காலமெல்லாம் குடைந்த கேள்விகளை இப்போது பழங்களிடம் கேட்கிறார். எந்த ஊர்? எப்போது புறப்பட்டாய்? இடையில் எங்கே தங்கினாய்?

"சித்திரையில ஆப்பிளா?" என்று என் பையை எட்டிப் பார்ப்பார். "காஷ்மீர்ல ஆப்பிள் பறிக்கிறது புரட்டாசி, ஐப்பசியில சார். ஆறு மாசம் குளிர்பதனக் கிடங்குல தூங்கி எழுந்து வந்திருக்கு. மரத்துல பழுத்த கொய்யா தெருவுல கூவி விக்குது, இதைப் போய் தூக்கிட்டு வர்றீங்களே!"

அவர் சொல்வது பொய்யில்லை. அதுதான் பெரிய சங்கடம். பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு நம் மாடியில் இறங்கிக்கொள்ளலாம்.

தேதி, மாதம் எல்லாம் அவருக்குக் காய் கனி மூலமாகத்தான் தெரியும். மொச்சையும் பனங்கிழங்கும் தை, நுங்கு சித்திரை, நாவல்பழம் ஆடி. "பொண்ணு கல்யாணம் எப்ப சார் நடந்தது?" என்று கேட்டால், "பனங்கிழங்கு முடிஞ்சு நுங்கு இறங்குறதுக்கு முன்னாடி" என்பார். தக்காளி விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார். நாம் தக்காளிக்கு வந்து சேர்வதற்குள் லிஃப்ட் இரண்டு முறை மேலே போய்க் கீழே வந்திருக்கும்.

2023-ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தாலும் அறிவித்தது, அவர் வீட்டில் அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. திங்கள் வரகு, செவ்வாய் சாமை, புதன் தினை. வியாழன் மாப்பிள்ளைச் சம்பா. இதைச் சாப்பிட்ட அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் இளவட்டக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டார்கள் என்று அவர் விளக்கினால், சமையலறையிலிருந்து அவர் மனைவியின், அதாவது எங்கள் எல்லோருக்கும் அக்காவின், குரல் வரும்: "முதல்ல அந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி உள்ள வைங்க." அந்த அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். ஊறப்போடுவது அக்கா, அடுப்படியில் நின்று விசில் எண்ணுவதும் அக்கா. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவது மட்டும் சார்.

போன தை மாதம் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விளைந்த எதுவும் இனி வீட்டுக்குள் வரக் கூடாது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தார்.

"கடுகு ராஜஸ்தான். சீரகம் குஜராத். வத்தல் மிளகாய் குண்டூர். எடுத்துடட்டுமா?"

"மிளகாயே நம்மளது இல்லை. போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது."

"வந்து ஐந்நூறு வருஷம் ஆச்சுங்க. இன்னுமா ரேஷன் கார்டு கொடுக்கல? சரி, துவரம்பருப்பு? மியான்மர், மொசாம்பிக்குன்னு கப்பல்ல வந்து இறங்குது. போன வாரம் பேப்பர்ல நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க. பெருங்காயம்?"

சார் இங்கேதான் திணறினார். பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. நம் ஊரில் அதை மாவோடும் பிசினோடும் சேர்த்துக் கட்டியாக்கி டப்பாவில் அடைக்கிறார்கள். ஆனாலும் மேலாளராக இருந்தவர், எளிதில் விடுவாரா? "2020-லேயே இமாச்சலத்துல லாஹௌல் பள்ளத்தாக்குல பெருங்காயச் செடி நட்டுட்டாங்க" என்றார்.

"அது தாம்பரத்துலேருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள வருதா?"

அன்றைய சாம்பார் சாதத்தில் சட்டப்படி மிஞ்சியவை செங்கல்பட்டு அரிசி, படப்பைக் கத்தரிக்காய், மரக்காணம் உப்பு. மரக்காணம் எல்லைக்கோட்டின் மேலேயே இருந்ததால் சந்தேகத்தின் பலனை உப்புக்கு அளித்தார். சாயங்காலம் சிக்மகளூர் காபியை அக்கா நீட்டியபோது மட்டும் யாரும் தூரத்தைக் கேட்கவில்லை. "காபி உணவில்லை, பானம்" என்று ஒரு திருத்தம் வந்தது. இரவு ரசத்தில் பெருங்காயம் மணத்தது, சட்டம் வாபஸ்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சார் காரை எடுத்துக்கொண்டு மதுராந்தகம் பக்கத்தில் ஓர் இயற்கைப் பண்ணைக்குப் போகிறார். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏழெட்டு லிட்டர் பெட்ரோல் எரித்துக் கொண்டுவருவது அரைக் கிலோ கத்தரிக்காய், ரெண்டு கட்டு முளைக்கீரை. கிருஷ்ணகிரியிலிருந்து பத்து டன் தக்காளி ஏற்றிக் கோயம்பேட்டுக்கு வரும் லாரிக்குப் போக வரக் கணக்குப் பார்த்தாலும், ஒரு கிலோவுக்கு ரெண்டு மூன்று ஸ்பூன் டீசல்தான் செலவு. இதைச் சொன்னால், "பெட்ரோலைப் பார்க்காதீங்க, அதுல இருக்கிற சத்தைப் பாருங்க" என்பார். அந்தக் கத்தரிக்காயில் இருக்கும் சத்து பெரும்பாலும் பெட்ரோல்தான்.

இத்தனைக்கும் படப்பைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் கீரைக்கட்டு கொண்டுவந்து எங்கள் கேட் ஓரமாகக் கடை போடும் அம்மா ஒருவர் இருக்கிறார். நூறு கிலோமீட்டர் என்ன, இருபதுகூடத் தேறாது. சாக்கை விரித்து, கீரையில் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருக்கும் அவரிடம் பழுப்புக் காகித உறையோ சான்றிதழ் ஒட்டிய பலகையோ கிடையாது. அதனால் சார் கண்ணில் பட்டதில்லை.

பண்ணைக்காரர் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு, வேறு வழியில்லாமல் அந்த கேட் ஓரக் கடையில் போய் நின்றார். நின்ற கையோடு பிரசங்கம் தொடங்கிவிட்டது: எந்த மாதம் எதைச் சாப்பிடணும், எதைத் தொடக் கூடாது, முன்னோர் என்ன சொன்னார்கள். அந்த அம்மா வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து முற்றலைத் தனியே ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அட, இதுக்குப் போயி இம்மாம் பேச்சா சார்? வெலை எறங்குனா சீசன் வந்துட்ச்சி, ஏறுனா பூட்ச்சி. கார்த்திகைல முருங்கைக்காய் என்னா வெலை விக்கும்? யாராச்சும் கிட்ட வருவாங்களா? ஜனம் தானா அவரைக்காய்க்குப் பூடும். வவுத்துக்குத் தெரியலைன்னாலும் மடியில கீற காசுக்குத் தெரியும்."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. நிறைய விளைந்தால் விலை சரியும், விலை சரிந்தால் ஏழை வீட்டிலும் அதுதான் குழம்பு. அந்தந்தப் பருவத்துச் சாப்பாடு ஊரில் இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது, யாரும் வகுப்பெடுக்காமலே.

மறுநாள் லிஃப்டில் என்னைப் பிடித்தார். "விலை இறங்கினா சீசன், ஏறினா இல்லை. எவ்வளவு பெரிய தத்துவம் பாருங்க. ஒரு வேளாண் வல்லுநர் நேர்லயே என்கிட்ட சொன்னார்."

அந்த வல்லுநரிடம் அவர் கீரைக் கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியதையும், குறைத்துக் கொடுத்த பிறகு ஒரு கை கறிவேப்பிலை கொசுறு கேட்டதையும் நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.