திருமறைக்காட்டு முன்சக்கர இயல்: ஒரு சிற்றாராய்ச்சி

வேதங்கள் பூட்டிவிட்டுப் போன வேதாரண்யம் கோயில் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது. அதைத் திரும்ப மூடவோ சம்பந்தரின் முதல் பாட்டே போதுமானதாயிற்று. திறப்பது கடினம், மூடுவது எளிது என்னும் இம்முடிவைப் பெரியபுராண காலந்தொட்டுச் சைவ உலகம் ஏற்றுவருகிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு இது பொருந்துமா என்று ஆராய்ச்சி உலகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்பாதி பொருந்துகிறது, காரணம் உப்பு. அகஸ்தியன்பள்ளி உப்பளங்களைத் தடவி வரும் காற்று, ஆக்சில் தண்டையும் அது நுழையும் புஷ்ஷையும் பிரிக்க முடியாத சம்பந்திகளாக்கிவிடும். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து எந்த உப்புக்காகச் சட்டத்தை மீறினார்களோ, அதே உப்புதான் இன்று ஆக்சிலுக்கு ஒத்துழையாமையைக் கற்றுக்கொடுக்கிறது. உப்புக்காற்று எட்டாத மன்னார்குடியில் நட்டைக் கழற்றி ஒரு தட்டு தட்டினால் வெளியே வரும் தண்டு, இங்கே மண்ணெண்ணெயில் ஊற வேண்டும், சுத்தியல் அடி வாங்க வேண்டும், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்களின் யோசனைகளையும் கேட்டாக வேண்டும். மரையில் நேராக அடித்தால் முனை மழுங்கி, பிறகு நட்டு ஏறாது. நட்டைத் தண்டின் முனைவரை தளர்த்தி, அதன்மேல் மரக்கட்டை வைத்து அடிப்பதே மரபு. பதிகம் கட்டாயமில்லை, பாடினால் தடுப்பாரும் இல்லை.

பிற்பாதியில்தான் சிக்கல். கழற்றிய சக்கரத்தை மாட்டுவதில் சம்பந்தர் விதி படுதோல்வி அடைகிறது. டிரம் பிரேக் வண்டியில் ஆக்சில், புஷ், பிரேக் பிளேட், பல வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் பல்சக்கரம், இத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டில் நிற்கச் சம்மதிக்க வேண்டும். பல்சக்கரத்தின் காது தன் பள்ளத்தில் விழாமல் நட்டை முறுக்கினால் காது நசுங்கும். அன்றுமுதல் அந்த வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் முள் பூஜ்யத்தைவிட்டு அசையாது. டெல்டா மாவட்டத்துப் பழைய வண்டிகளில் முள் பூஜ்யத்திலேயே தவம் செய்வதை அவதானித்திருக்கிறோம். இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அவை நம் கொள்கைக்கு உதவாதவை.

ஒரே ஓர் இடத்தில் விளையாட்டு கூடாது. ஃபோர்க்கில் ஒரு முட்டு இருக்கும். பிரேக் பிளேட்டின் வெளிப்பக்கத்துப் பள்ளம் அதில் உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ஷூக்கள் டிரம்மைக் கவ்வ, டிரம் பிளேட்டையும் தன்னோடு சுழற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்த முட்டு ஒன்றே. பள்ளம் அதில் உட்காராவிட்டால் பிளேட் சுற்றிக் கேபிளை முறுக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுபவரைத் தூக்கி எறியும். நட்டை இறுக்குமுன் குனிந்து கண்ணால் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி நம் ஆய்வின் மையமான மூன்றாம் கைக் கோட்பாடு. ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமைய வேண்டுமானால், சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிரேக்கை இறுகப் பிடித்தபடியே ஆக்சில் நட்டை முறுக்க வேண்டும். அப்போது ஷூக்களே பிளேட்டை நடுவுக்கு இழுத்துவைக்கும். ஒரு கை ஸ்பேனரில், ஒரு கை தண்டு சுற்றாதபடி மறுமுனையில். பிரேக்கை யார் பிடிப்பது? படைப்புத் தொழிலில் நேர்ந்த இந்தக் கஞ்சத்தனத்தை, "தம்பி, கொஞ்சம் பிரேக்கப் புடிப்பா" என்ற வாக்கியத்தால் பட்டறைகள் நிவர்த்தி செய்துவருகின்றன. தம்பி என்பவர் பெரும்பாலும் வேறு வேலையாக அவ்வழியே போனவர். ஆளில்லாத மதியப் பொழுதில், பழைய டியூபை வெட்டிய ரப்பர் பட்டையால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுவதுண்டு. ரப்பர் யோசனை சொல்வதில்லை என்பதால் அதையே யாம் பரிந்துரைக்கிறோம்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்குக் கூட்டு பிரேக்கோ ஏபிஎஸ்ஸோ கட்டாயமானது. கூட்டு பிரேக்கில் காலால் மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். மூன்றாம் கைக்குப் பதில் கால் கிடைத்துவிட்டதென அவசரப்பட்டு மகிழ்ந்தோம். முன்சக்கரத்தின் அருகே குந்தியிருப்பவரின் கால் அந்தப் பெடலை எட்டாது.

டிஸ்க் பிரேக்காருக்கு இரண்டு வரி போதும். சக்கரம் வெளியே இருக்கையில் லீவரைத் தொடாதீர்கள். பேடுகள் நெருங்கிக்கொண்டு டிஸ்க்குக்கு வழிவிடாது. மாட்டிய பின், லீவர் கெட்டிப்படும்வரை அழுத்தி அழுத்தி விட்ட பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைச் சுழற்றிக் காது கொடுக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் நன்று. விடாமல் உரசினால் கேபிள் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தலாம். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் டிரம் வட்டம் தவறியிருக்கலாம். அது வேறு இயல்.

செய்முறைச் சோதனைக்கு உகந்தது கோடியக்கரைச் சாலை. முதலில் மெதுவாக, ஆளில்லாத இடத்தில். காட்டை நெருங்கியதும், யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் முன்னறிவிப்பின்றிச் சாலையைக் கடக்கும். பிரேக் பற்றி அவற்றின் கருத்தையும் கேட்டிருக்கலாம். இடமின்மையால் அது அடுத்த கட்டுரைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.