ராமருக்கு ஓவர்டைம்

வாங்க தலைவரே, குந்துங்க. பாசன சங்கத் தலைவரானவரை இனிமே ‘டேய்’னு கூப்பிட முடியாது, கழுத்துல மாலை விழுந்திருக்குது. ஜெயிச்ச கையோட கிழவன்கிட்ட யோசனை கேக்க வந்தே பாரு, அது நல்ல குணம். கேட்டபடி நடக்கணும்னு கட்டாயமில்ல. உனக்கு முன்னாடி இருந்தவங்களும் கேட்டுட்டுத்தான் போனாங்க.

ஏரிக்கரையைப் பத்தி நீ கவலையே படாதே தம்பி. அதுக்குன்னு நம்ம பக்கத்துல ஒரு சாமி இருக்குது. 1798-ல மதுராந்தகம் பெரிய ஏரி தளும்பி, கரை இப்பவோ அப்பவோன்னு நின்ன ஒரு மழை ராத்திரியில, லயோனல் பிளேஸ்னு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் கரையைப் பாக்கப் போனாராம். கரை நின்னா அங்க இருக்கிற ராமர் கோயில்ல தாயாருக்குச் சன்னதி கட்டித் தர்றேன்னு வேண்டிக்கிட்டாராம். கரைமேல வில்லும் அம்புமா ரெண்டு பேர் காவல் நிக்கறதைக் கண்ணால பாத்தாராம். கரை நின்னுச்சு. துரையும் சொன்ன சொல் தவறாம சன்னதி கட்டினார், அவர் பேரைச் சொல்ற கல்வெட்டு இன்னும் கோயில்ல இருக்குது. அன்னையிலேருந்து அந்தக் கோயில் சாமி ஏரி காத்த ராமர்.

இந்தக் கதையில ரெண்டு சங்கதியை யாரும் கவனிக்கறதில்ல. ராமர் காவல் நின்னது ஒரே ஒரு ராத்திரி. அதுக்கும் கூலி பேசித்தான் வந்தார், பெண்டாட்டிக்கு ஒரு வீடு. நாம இருநூறு வருஷத்துக்கு மேல அவரை ஓவர்டைம் பாக்க வச்சிருக்கோம், கூலி இல்லாம. இன்னொண்ணு, துரை முதல்ல கரையைச் செப்பனிட்டார், அப்புறம்தான் வேண்டிக்கிட்டார்னு சொல்லுவாங்க. நமக்கு வேண்டுதல் மட்டும் போதும்.

சரி, கரைமேல ஏறினா என்ன பண்ணணும்னு கேட்டே. தண்ணிப் பக்கமே பாரு. ஏரி நிறைஞ்சிருந்தா பின்னால சூரியன் மறையறப்ப நின்னு போட்டோ எடுத்துக்கோ. தப்பித்தவறிக்கூட வயக்காட்டுப் பக்கம் திரும்பிடாதே. திரும்பினா வேலை வந்துடும். கரையோட நோவெல்லாம் அந்தப் பக்கம்தான் வெளியே தெரியும்: மேல ஒரு நீட்டு வெடிப்பு, நடுவுல ஒரு சரிவு, அடியில ஓரிடத்துல மட்டும் ஈரம்.

கசியாத மண்கரைன்னு ஒண்ணு கிடையாது, அதைக் கண்டு பயப்படாதே. பயப்பட வேண்டியது நிறத்துக்கு. கசியற தண்ணியை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு வை. தெளிவா நின்னா வீட்டுக்குப் போய்த் தூங்கு, நாளைக்கு வந்து மறுபடி பிடி. அடியில மண்ணு படிஞ்சா, கரை உள்ளேயிருந்து கரைஞ்சுக்கினு இருக்குதுன்னு அர்த்தம். அந்தத் துளை வயல் பக்கம் ஆரம்பிச்சு, மண்ணைப் பொடிப்பொடியா வெளியே தள்ளிக்கினே தண்ணியைத் தேடி உள்ளே போகும். தண்ணியைத் தொட்டுடுச்சுன்னா அப்புறம் உனக்கு சங்கக் கூட்டம் கூட்டக்கூட நேரம் இருக்காது.

அந்த நேரத்துல நம்ம ஆளுங்க வீரத்தைப் பாக்கணுமே! கூடை கூடையா களிமண்ணைக் கொண்டாந்து ஊத்து வர்ற வாயிலேயே வச்சு மிதிப்பாங்க. உள்ளே இருக்கிற தண்ணி அதைப் பாத்து ஏரிக்கே திரும்பிப் போயிடுமா? பத்தடி தள்ளி வேற வாய் திறக்கும். அங்க அடைக்கவே கூடாது. மேல மணலைக் கொட்டி, அதுக்கு மேல ஜல்லியைக் கொட்டு. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. சுத்தி மணல் மூட்டையை வட்டமா அடுக்கி உள்ளே தண்ணியைக் கொஞ்சம் தேங்க விடு, ஊத்தோட வேகம் தணியும். அடைக்கிற வேலையெல்லாம் ஏரிக்குள்ள, தண்ணி சுழி போட்டு இறங்கற இடத்துல.

ஆனா உன் பதவிக்கு நிஜமான சோதனை, நிறைஞ்ச தண்ணி வழிஞ்சு போற கலங்கல்லதான் வரும். பழைய கலங்கல் மேல வரிசையா கல்லு நட்டு வச்சிருப்பாங்க. மழைக்காலம் முடியற சமயத்துல கல்லுக்கு நடுவுல மண்ணைப் போட்டு அடைச்சா ரெண்டடித் தண்ணி கூட நிக்கும், கடைசி நடைப் பாசனத்துக்கு ஆகும். பெரியவங்க அதை எப்ப அடைக்கணும், எப்பத் தட்டிவிடணும்னு கணக்கு வச்சிருந்தாங்க. இப்ப என்ன நடக்குது? ஏரிக்குக் கீழே நிலம் வச்சிருக்கிறவன் ஐப்பசியிலேயே ராத்திரியோட ராத்திரியா போய் மணல் மூட்டை அடுக்கறான். ஏரி உள்வாயில பயிர் வச்சிருக்கிறவன் அடுத்த ராத்திரி போய் மூட்டையைப் பிரிக்கறான், பிரிக்க முடியலன்னா கடப்பாரையால கலங்கலையே பேக்கறான். ரெண்டு பேரும் காலையில டீக்கடையில ஒரே பெஞ்சுல உக்காந்து, ஏரியைக் கவனிக்க நாதியில்லன்னு உன்னைத் திட்டுவாங்க. ரெண்டு ஓட்டும் உனக்கு விழுந்த ஓட்டு, அதனால யாரையும் கேக்காதே.

அந்த மூட்டை என்ன பண்ணும்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ. கரை உச்சிக்கும் நிறை மட்டத்துக்கும் நடுவுல சும்மா கிடக்குதேன்னு நமக்குத் தோணற அந்த நாலஞ்சு அடி, பெருவெள்ளத்துக்கும் காத்துல எழும்பற அலைக்கும் விட்ட இடம். மூட்டையை அடுக்கி அதை நாம தின்னுட்டா, புயல் வர்ற அன்னைக்குத் தண்ணி கரைமேல வழியும். கல்லணை மேல வழிஞ்சா கல்லு தாங்கும், மண்கரை தாங்காது. குஜராத்துல மோர்பிக்கு மேல மச்சு அணை 1979 ஆகஸ்டுல அப்படித்தான் போச்சு. வெள்ளம் மதகுக்குள்ள அடங்காம மண்கரைமேல ஏறினதும் கரை கரைஞ்சு ஊரையே அடிச்சுக்கினு போச்சு.

மழைக்காலம் தாண்டிட்டா பயமில்லன்னும் நினைச்சுக்கோ, மனசுக்கு இதமா இருக்கும். இலங்கையில திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளம், குளக்கோட்டன் பேரைச் சொல்லிக் கொண்டாடற ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட குளம். 1986 ஏப்ரல் 20, விடியறதுக்கு முன்னாடி ஊரே தூங்கறப்ப உடைஞ்சுது. நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஏப்ரல் மாசம் தம்பி! குளத்துல தண்ணி இருந்தா கரைக்கு எல்லா மாசமும் ஐப்பசிதான்.

கரைமேல இருக்கிற சீமைக் கருவேலத்தை வெட்டணும்னு தீர்மானம் போட்டிருக்கியாமே? போடு. வேரோட பேத்து, குழியை நல்ல மண்ணால இடிச்சு மூடறவரைக்கும் பில்லுல கையெழுத்துப் போடாதே. வெட்டிட்டு அடியை விட்டா, வேர் உள்ளேயே மக்கி ஊதாங்குழல் மாதிரி ஓட்டையா நிக்கும், நாமளே தண்ணிக்கு வழி பண்ணிக் குடுத்த கணக்கு. பனையை மட்டும் தொடாதே, அதோட சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும்னுதான் பாட்டன் நட்டான். எலி வளை, நண்டு வளை, கரையான் புத்து எல்லாத்தையும் ஏரி வறண்ட மாசத்துல கோலால குத்திப் பாத்து அடை. அது போட்டோவுல நல்லா வராத வேலை, தெரியும்.

மண்ணு போட்டுக் கரையை உசத்தினா, ஒரு சாண் மண்ணு, கொஞ்சம் தண்ணி, மேல மிதி, அப்புறம்தான் அடுத்த சாண். முன்ன மாட்டை ஓட்டி மிதிக்க விடுவாங்க. இப்ப பொக்லைன் ஒரு ஆள் உசரம் கொட்டி, பக்கெட்டால ரெண்டு தட்டு தட்டிட்டுப் போகுது. அதுமேல தார் ரோடு, விளக்குக் கம்பம், ‘ஐ லவ்’ போட்ட பலகை. வெடிப்பு தெரியாம மூடறதுக்குத் தாரைவிட நல்ல சாமான் இன்னும் கண்டுபிடிக்கல.

சட்டத்தைக் கேட்டியே, அதுவும் இருக்குது. 1858-ல வெள்ளைக்காரன் சட்டம் போட்டான், கரை உடையற ஆபத்துன்னா ஊர் ஆளுங்க மண்வெட்டியோட வந்தே ஆகணும், வராதவனுக்குத் தண்டனைன்னு. 2021-ல தில்லியில அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுல அடங்கற அணைன்னா உயரம் 15 மீட்டருக்கு மேல இருக்கணும், இல்லன்னா 10-லேருந்து 15-க்குள்ள இருந்து இன்னின்ன நிபந்தனைக்கு அடங்கணும். 15 மீட்டர்னா 49 அடி. மதுராந்தகத்துக்கே ஆழம் 23 அடிச் சொச்சம்தான். ஆக நம்ம ஊர் ஏரி உடைஞ்சா அது அணை உடைப்பு ஆகாது, பேப்பர்ல ‘வயல்களில் வெள்ளம் புகுந்தது’ன்னு போட்டுக்குவாங்க. 2015 மழையில நம்ம பக்கம் எத்தனை ஏரி அந்த ஒரு வரியில அடங்கிப் போச்சு!

எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்க இன்ஜினியரைக் கூட்டிக்கினு அலையாதே. சித்திரை வெயில்ல கரைக்குக் கீழே நடந்து போ. எல்லா வயலும் வெடிச்சுக் கிடக்கறப்ப ஒருத்தன் வாழை மட்டும் பச்சைப்பசேல்னு நிக்கும். மோட்டார் கிடையாது, மதகுத் தண்ணி கிடையாது, தீர்வையும் கிடையாது. கரையில ஓட்டை எங்க இருக்குதுன்னு அவனுக்கு வருஷக்கணக்கா தெரியும், உயிரே போனாலும் சொல்ல மாட்டான். இந்த வருஷம் அங்க தார் நல்லா வச்சிருக்குது. ஏன் முழிக்கறே? உன் மச்சான் தோட்டம்தான், போய்க் கேளு.