பேய்த் தொடர் எடுக்கப் போற மருமவனுக்கு

மருமவனே, விக்டோரியா காலத்துப் பேய்க்கதையைத் தமிழ்ல தொடரா எடுக்கப் போறியாமே. கேட்டதுமே புல்லரிச்சுப் போச்சு. லண்டன் பனிக்குத் திண்டிவனத்துல எங்க போவே? நகராட்சிக்காரன் கொசுவுக்கு அடிக்கிற புகைதான் கிடைக்கும். சித்திரை வெயில்ல கறுப்புக் கோட்டை மாட்டி நிக்க வச்சா, பேய் வர்றதுக்கு முன்னாடியே கதாநாயகனுக்கு மயக்கம் வந்துடும்.

நீ போன்ல காட்டின 'பென்னி டிரெட்ஃபுல்' நல்லாத்தான் இருந்துச்சு. 2014லேருந்து 2016 வரைக்கும் மூணு சீசன், 27 எபிசோடு. அந்த ஜான் லோகன் கெட்டிக்காரன். ஃபிராங்கன்ஸ்டைன், டோரியன் கிரே, டிராகுலான்னு அடுத்தவன் பெத்த புள்ளைங்களையெல்லாம் 1891 லண்டனுக்குக் கூட்டியாந்து தன் கதையில வேலை வாங்கிட்டான். ஒரு பென்னிக்குத் திகில் கதை வித்த அந்தக் காலத்துப் பிரசுரங்களோட பேருதான் தலைப்பும். நம்ம பஸ் ஸ்டாண்டு கடையில கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல், அந்தச் சாதி.

ஒண்ணுதான் எனக்குப் புரியல. அந்தத் தொடர்ல ஒரு விருந்துல ஆவியைக் கூப்பிடுறாங்க, கதாநாயகி எவா கிரீன் மேல ஏறிடுது. கூடியிருக்கிற சீமான் சீமாட்டியெல்லாம் வாயப் பொளந்து பாக்குறாங்க. திருநீறு போட ஒரு ஆள் இல்ல! "யாரு நீ, உனக்கு இன்னா வேணும்"னு கேக்க ஒரு கிழவி இல்ல!

நம்ம சனம் அப்படியா? அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பாக்க மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ் பிடிச்சுப் போவுது. மாசியில மயானக் கொள்ளைன்னா, கைக்குழந்தையை இடுப்புல வச்சிக்கிட்டே சுடுகாட்டுக்குள்ள நுழையுது. அங்காளம்மனுக்குச் சூறை விடுற தானியத்தைப் பொறுக்க அடிபிடி வேற. இவங்களுக்குக் கல்லறையைக் காட்டியா பயமுறுத்தப் போறே?

1997ல சன் டிவியில 'விடாது கருப்பு' வந்துச்சு. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா டைரக்‌ஷன். பனியுமில்ல, கோட்டுமில்ல; ஊர்க்காவல் சாமியும் குதிரையும்தான். அதுக்கே நான் கொல்லைப்பக்கம் போக உங்க அத்தையைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவதான் என்னைக் கூப்பிட்டான்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கேன், நீ காட்டிக் கொடுத்துடாத.

விக்டோரியாதான் வேணும்னு அடம் பிடிச்சா, அந்தம்மா காலத்துல நம்ம பக்கம் இன்னா நடந்துச்சுன்னு பாரு. தாது வருஷப் பஞ்சம். 1877 ஜனவரி 1, டெல்லியில தர்பார். விக்டோரியா இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி. லிட்டன் பிரபு ராஜாக்களைக் கூட்டி விருந்து வைக்கிறான். இங்க மெட்ராஸ் மாகாணத்துல சனம் எலும்பும் தோலுமா ரோட்டோரம் விழுது. அதே மாசம் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு துரை வந்து இறங்கினான். செலவைக் குறைக்கணுமாம். நிவாரண வேலையில மண்ணு சுமக்கிற ஆம்பளைக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கையில ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோவுக்கும் குறைச்சல். பொம்பளைக்கும் குழந்தைக்கும் அதுலயும் கம்மி. சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது உசிரு நிக்கப் போதாதுன்னு மல்லுக்கு நின்னாரு. மரக்காணம் வரைக்கும் கிடக்குதே பக்கிங்காம் கால்வாய், அதுல சென்னைக்குள்ள ஓடுற ஒரு துண்டு இந்தப் பஞ்சத்துல வெட்டினதுதான். 1878ல பஞ்சம் ஓஞ்சப்ப, போன உசுரு அரைக் கோடிக்கு மேல. டிராகுலா புஸ்தகமா வந்தது 1897ல. ரத்தம் உறிஞ்சுறதுல துரை சீனியர்.

இதை எடு. கோட்டைக்குச் செட்டு வேணாம், செஞ்சி இருக்கு. 2025ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேத்துட்டான். குரங்கு லென்ஸ் மூடியைத் தூக்காம மட்டும் பாத்துக்கோ. டெம்பிள் துரை வேஷத்துக்கு வெளியாளே தேடாத. எனக்குச் சுகர்னு டாக்டர் சொன்ன நாள்லேருந்து சோத்தை அளந்து போடுறா உங்க அத்தை. மீசை ஒட்டினாப் போதும்.