கமான் சார்

எதிர்ப்பக்கத்துக்காரர் போட்ட சர்வீஸ் நெட்டில் இடித்து அவர் காலடியிலேயே விழுகிறது. நாம் பேட்டைக்கூட உயர்த்தவில்லை. காலை ஐந்தே முக்கால், கண்ணில் பாதித் தூக்கம் மிச்சம் இருக்கிறது. இந்தப் பாயிண்டில் நம் பங்கு கோர்ட்டுக்குள் நின்றது ஒன்றுதான். ஆனால் பக்கத்தில் நிற்கும் பார்ட்னர் முஷ்டியை மடக்கி, முழங்காலை மடித்து, தகரக் கூரை அதிர ஒரு “கமா…ன்!” போடுகிறார். கூரையில் இருந்த புறாக்கள் இடம் மாறி உட்காருகின்றன. அடுத்து வலது கையை நீட்டிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறார். தட்டாமல் தப்ப முடியாது. தட்டுகிறோம்.

ஷட்டில் கோர்ட் உள்ள ஊரில் எல்லாம் இவர் ஒருவர் இருப்பார். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் கமான் சார். வயது நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள். நெற்றியில் பட்டை கட்டியிருப்பார். அது தடுத்து நிறுத்த வேண்டிய முடி பல வருடங்களுக்கு முன்பே விடைபெற்றுவிட்டது. இரண்டு மணிக்கட்டிலும் பேண்ட், இரண்டு முழங்காலிலும் நீ கேப். தோளில் தொங்கும் கிட் பேக்கில் மூன்று பேட் உண்டு, அதில் இரண்டுக்கு நரம்பு அறுந்திருக்கும்.

அலுவலகத்தில் போய்ப் பார்த்தால் ஆளே வேறு. “ஒரு ஜெராக்ஸ் குறையுது” என்று அவர் சொல்வது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்குக் கேட்காது. பதவி உயர்வு வந்த செய்தியை அவர் வீட்டில் சொன்னதே மூன்றாம் நாள்தான் என்கிறார்கள். மகள் பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது “பரவால்ல” என்றாராம். அப்படிப்பட்ட மனிதர், யாரோ நெட்டில் அடித்த சர்வீஸுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறார். வாழ்க்கை முழுக்கச் சேர்த்து வைத்த கமான்களை எல்லாம் ஆறு மணி பேட்ச்சில் வந்து செலவழிக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆட்டத்தின் சட்டமும் இவருக்குச் சாதகமாகத்தான் திரும்பியது. 2006-க்கு முன்னால் சர்வீஸ் கையில் இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட். பதினைந்துக்கு ஆட்டம். நீங்கள் உயிரைக் கொடுத்து ஒரு ராலியை ஜெயித்தால்கூட, சர்வீஸ் அவர்களிடம் இருந்திருந்தால், ஸ்கோர் அசையாது. சர்வீஸ் மாறும், அவ்வளவே. கால் மணி நேரம் ஆடிவிட்டு அதே ஐந்துக்கு ஐந்தில் நின்ற மேட்ச்களைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் பெருமூச்சோடு சொல்வார்கள். அந்தக் காலத்தில் கொண்டாட்டம் என்பது சிக்கனமான சமாச்சாரம். 2006-இல் இருபத்தொரு பாயிண்ட் முறை வந்தது. யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை ஜெயித்தவருக்குப் பாயிண்ட். இழுபறியில் ஒரு கேம் 30-29 வரைகூடப் போகலாம். மூன்று கேமும் அப்படியே போனால் ஒரே மேட்ச்சில் 177 பாயிண்ட். சட்டம் எழுதியவர்கள் கமான் சாரை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள்தான்.

கை தட்டுவதோடு விட்டால் சரி, விடமாட்டார். பேட்டோடு பேட்டைத் தட்டுவார். ஆசையாக வாங்கிய புது பேட்டின் ஃப்ரேமில் முதன்முதலில் பெயிண்ட் உதிர்வது எதிரியின் ஸ்மாஷால் அல்ல, பார்ட்னரின் இந்தப் பாசத்தால். பெரிய பாயிண்ட் என்றால் நெஞ்சோடு நெஞ்சு மோத எகிறுவார். நெஞ்சு வருவதற்குள் அவருடைய வயிறு வந்து சேர்ந்துவிடும். அதைவிடப் பெரிய பாயிண்ட் என்றால் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, அண்ணாந்து, இரு கைகளையும் விரிப்பார். இறங்குவது அவர் பொறுப்பு. தூக்கி நிறுத்துவது நம் பொறுப்பு.

இதையெல்லாம் எங்கிருந்து கற்றார் என்று கேட்டால் சாத்விக்-சிராக் ஜோடியைச் சொல்வார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பேட்மின்டனில் இந்தியாவுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர்கள். சாத்விக்கின் ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பதிவானது கின்னஸ் கணக்கு. அந்த எண் கமான் சாருக்குத் தன் வங்கிக் கணக்கு எண்ணைவிட நன்றாக மனப்பாடம். அதே வருடம் கொரியா ஓப்பனை ஜெயித்த கையோடு அந்த இருவரும் கோர்ட்டிலேயே கங்னம் ஸ்டைல் ஆடினார்கள். அந்த வீடியோவைப் பார்த்த மறுநாள் காலையில் கமான் சார் ஆறுக்கு இரண்டு என்று முன்னிலை பெற்றவுடன் ஆடிக் காட்டினார். அவர்கள் ஜெயித்தது இறுதிப் போட்டி என்கிற சின்ன வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

சட்டை விஷயத்தில் மட்டும் குரு வேறு. 2002-இல் லார்ட்ஸ் பால்கனியில் கங்குலி சட்டையைக் கழற்றிச் சுழற்றியதைப் பார்த்த தலைமுறை அது. அப்பார்ட்மென்ட் டோர்னமென்ட்டின் அரையிறுதியில், பத்தொன்பதுக்குப் பதினெட்டு என்று வந்தபோது, கமான் சார் துணிந்தார். ஆனால் கங்குலி கழற்றியது தளர்வான சட்டை. கமான் சார் போட்டிருந்தது இரண்டு கிலோ முன்னால் தைத்த டீம் ஜெர்சி. வயிற்றைத் தாண்டியது, மார்பைத் தாண்டியது, தலைக்கு வந்ததும் நின்றுவிட்டது. கைகள் இரண்டும் மேலே, முகம் துணிக்குள், உறியடியில் கண்ணைக் கட்டி விட்டவரைப் போலக் கோர்ட்டில் தடுமாறிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து “கமான்” என்று சன்னமாகக் கேட்டது. எதிர்ப்பக்கத்துப் பையன்கள் நல்ல பையன்கள், காத்திருந்தார்கள். இரண்டு பேர் போய் உரித்துவிட்ட பிறகு அவர் சொன்ன முதல் வாக்கியம், “ஸ்கோர் என்ன?”

தோற்ற பாயிண்டுக்கு அவரிடம் துக்கம் கிடையாது, விசாரணை உண்டு. முதலில் தன் பேட்டைத் திருப்பி, விரலால் நரம்பை ஒவ்வொரு இழையாக நெருடிப் பார்ப்பார். அடுத்து ஷட்டில் காக்கை எடுத்து உயர்த்திப் பிடித்து, அதன் பதினாறு இறகுகளையும் எண்ணாத குறையாகச் சுற்றிப் பார்த்து, “காக் போயிடுச்சு” என்பார். (புதுக் காக்குக்கான காசு நால்வர் தலையிலும் விழும்.) அப்புறம் கூரை விளக்கு கண் கூசுவது, பக்கத்துக் கோர்ட்டில் சத்தம் அதிகமாக இருப்பது. சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கடைசியில் மெதுவாக நம் பக்கம் திரும்பி, “அது உங்களுது தம்பி, நான் விட்டுட்டேன்” என்பார். பெரிய ஜோடிகள் தோற்ற பாயிண்டுக்கும் கை தட்டிக்கொள்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், தப்பு செய்தவனைத் தனியாக நிற்க விடாமல் இருக்க அப்படி ஒரு வழக்கம். கமான் சார் அந்தப் பாடம் நடந்தபோது தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

லைன் தகராறில்தான் அவருடைய கொண்டாட்டத்தின் முழுப் பயனும் தெரியும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஆண்கள் இரட்டையர் இறுதியில், தைவான் ஜோடி லீ யாங், வாங் சி-லின் சீன ஜோடியை வீழ்த்திய கடைசிக் காக் கோட்டின் மேல் விழுந்தது. திரையில் கணினிப் படம் வந்து ‘இன்’ என்று காட்டிய பிறகுதான் தங்கம் உறுதியானது. அந்தப் படத்தைத் தைவான்காரர்கள் அப்புறம் கொடி அளவுக்குக் கொண்டாடினார்கள். நம் கோர்ட்டில் கேமராவும் இல்லை, அம்பயரும் இல்லை. கமான் சார் இருக்கிறார். காக் இன்னும் தரையைத் தொடாதபோதே “அவுட்டு! கமான்!” என்று அவர் நம் கையைத் தட்டிவிட்டுப் பாதிக் கோர்ட் தாண்டிப் போய்விடுவார். அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் ஒரு மனிதரைத் திரும்பக் கூப்பிட்டு “சார், லைன்ல விழுந்துச்சு” என்று சொல்ல எந்த எதிராளிக்கும் மனசு வராது. நிஜப் போட்டியில் இதற்கெல்லாம் கணக்கு உண்டு. 2023 டென்மார்க் ஓப்பன் அரையிறுதியில் சிந்துவும் கரோலினா மரினும் கத்தின கத்தலுக்கு அம்பயர் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டினார். ஆறு மணி பேட்ச்சில் அட்டை காட்ட யார் இருக்கிறார்கள்?

இவர் வேண்டாம் என்று சத்தமே போடாத பார்ட்னரைத் தேடிப் போனவர்களும் உண்டு. இந்தோனேசியாவின் ஹெண்ட்ரா சேத்தியவான் ஒலிம்பிக் தங்கத்தையும் உலகப் பட்டங்களையும் ஜெயித்தவர். என்ன நடந்தாலும் முகம் மாறாது. அவர் ஹெண்ட்ரா, சரி. நம் கோர்ட்டில் கிடைக்கும் மௌனசாமியோ நாம் சர்வீஸை நெட்டில் அடித்தால் ஒன்றுமே சொல்லாமல் நடந்து போய், காக்கைக் குனிந்து எடுத்து, நெட்டுக்கு அடியில் எதிராளியிடம் தள்ளிவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் திரும்பி வருவார். அதற்குப் பத்து கமான் தாங்கலாம்.

ஒரு தடவை ஆபத்து வேறு விதமாக வந்தது. சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்ததில் சாயங்கால பேட்ச் கமான் சாரும் காலை பேட்ச் கமான் சாரும் ஒரே பக்கம் விழுந்துவிட்டார்கள். முதல் பாயிண்டுக்கு இருவரும் எகிறினார்கள், தட்டினார்கள், முதுகில் அறைந்துகொண்டார்கள். இவர் கத்தினார் என்று அவர் கத்தினார். அவர் ஓடினார் என்று இவர் ஓடினார். மறுபக்கம் இருந்த கல்லூரிப் பையன்கள் சர்வீஸுக்குக் குனிந்தவர்கள் நிமிர்ந்து, மறுபடி குனிந்து, கடைசியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு மணி நேரக் கோர்ட் வாடகை முடிந்து அடுத்த பேட்ச் வந்து நின்றபோது ஸ்கோர் பதினொன்றுக்கு ஒன்பது. முதல் கேம்தான். எங்கள் கமான் சார் வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் தனியாகச் சொன்னார்: “நல்ல பிளேயர்தான். ஆனா ரொம்ப சீன் போடுறார்.”

அவரை அடக்கக்கூடிய ஒரே ஆள், ஒரு அம்மா, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கல்லூரி அணிக்கு ஆடியவர், இன்றைக்கும் பின்கோட்டிலிருந்து அவர் போடும் டிராப் நெட்டை உரசிக்கொண்டுதான் இறங்கும். மிக்ஸட் டபுள்ஸில் ராலி முழுவதையும் அவர் ஆட, கமான் சார் நெட்டருகில் பேட்டைத் தூக்கிப் பிடித்து நிற்பார். பாயிண்ட் விழுந்ததும் கையை நீட்டிக்கொண்டு திரும்பினால், அந்த அம்மா அந்தக் கையில் காக்கை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவார்.

பொங்கலுக்கு வைத்த மிக்ஸட் டபுள்ஸ் இறுதியும் அப்படியே முடிந்தது. கடைசிக் காக் எதிர்ப்பக்கத்து மூலையில் விழுந்தபோது அம்மா நெட்டருகில் போய் எதிர் ஜோடியிடம் கை குலுக்கி, அவர்கள் பெண்ணுக்கு எந்தக் காலேஜில் சீட் கிடைத்தது என்றுகூட விசாரித்துவிட்டார். கமான் சார் மட்டும் கோர்ட்டின் நடுவில் இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணை மூடி நின்றார்.

“கைய இறக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்னுதானே தூக்கியிருக்கேன்.”