ஒரு காதுக்கு மட்டும் விருந்து

கேட்கிறாயா என்று கேட்கமாட்டார்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இயர்போனின் ஒரு முனையைச் சட்டையில் துடைத்து உங்கள் காதில் செருகிவிடுவார்கள். மறுமுனை அவர்கள் காதில். அதற்கப்புறம் நீங்கள் முளையில் கட்டிய மாடு. வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் மேய்ச்சல்.

ஜூக்பாக்ஸ்காரர்களைத்தான் சொல்கிறேன். 2000-ல் க்ரியேட்டிவ் நிறுவனத்தின் நோமட் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப்பெட்டி வந்தபோது சிங்கப்பூரில் முளைத்தவர்கள். பார்க்க சிடி ப்ளேயர் மாதிரி இருக்கும், உள்ளே சிடி கிடையாது. மடிக்கணினிக்குப் போடுகிற ஹார்ட் டிஸ்க், 6 ஜிபி. நான்கு டபுள்-ஏ பேட்டரி. எடை 400 கிராமை ஒட்டி வரும். இடுப்பில் மாட்டினால் கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கும். இறங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள், யாராவது என்ன அது என்று கேட்பார்கள் அல்லவா? யுஎஸ்பி 1.1 வேகத்தில் அதை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை அக்கா கம்ப்யூட்டர் பக்கமே போகக்கூடாது. அக்கா என்றால் பொதுவாக, இவர்கள் வீட்டு அக்காக்கள்.

காதைக் கொடுத்தாயிற்று. பாட்டு?

"இரு மாப்ளே, வந்துட்டேன்."

வரமாட்டார். அந்தக் கருவி, ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் யாரோ எழுதிவைத்த பெயரைப் பார்த்துத்தான் அடுக்கும். முதலில் கலைஞர், அதற்குள் ஆல்பம், அதற்குள் பாட்டு. ஆங்கிலப் பாட்டுக்கு அது சரிதான். நம் பாட்டுக்குப் பெயர் எழுதியவர்கள் நம் ஆட்கள். இளையராஜாவை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் ஒற்றை எல் போட்டார், இன்னொருவர் இரட்டை எல். கடைசி 'ஜா'வுக்கு ஒரு ஏ போதும் என்று ஒரு கட்சி, இரண்டு வேண்டும் என்று எதிர்க்கட்சி. 'மேஸ்ட்ரோ' என்று மட்டும் எழுதிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பக்தரும் உண்டு. ஆக அந்தப் பெட்டிக்குள் ஐந்து இளையராஜாக்கள் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பிகள் மாதிரி தனித்தனியாகக் குடியிருந்தார்கள். டி.எம்.எஸ் பாடியதெல்லாம் எம்.ஜி.ஆர் பெயரில் இருந்தது. (அது ஒரு வகையில் நியாயம்தான்.) யாருக்கும் சேராத பாட்டெல்லாம் 'ட்ராக் 03'.

ஒருநாள் இவர்களில் ஒருவரோடு ஜூரோங் ஈஸ்டில் ரயில் ஏறினேன். ஏறியதுமே என் காது பறிபோனது. க்ரியேட்டிவின் தலைமையகம் அந்த வட்டாரத்தில்தான். அந்தத் திசையைப் பார்த்து, கோயிலைத் தாண்டும் பஸ்ஸில் செய்வதுபோல ஒரு அரைக் கும்பிடு போட்டார். க்ளெமெண்டியில் ஒற்றை எல் ராஜாவிடம் விசாரித்தார். இல்லை. புவன விஸ்தாவில் இரட்டை எல். அங்கேயும் இல்லை. குவீன்ஸ்டவுனில் ராஜாவை விட்டுவிட்டு ஜானகி வழியாகப் போனார். இவ்வளவு நேரமும் என் காதில் வெறும் நிசப்தம், அதுவும் ஒரு காதில். ரெட்ஹில்லில் பாட்டு வந்தது.

வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஸ்டீரியோவில் அவருக்கு வலது, எனக்கு இடது. வயலின்கள் மொத்தமும் அவர் பக்கம் உட்கார்ந்துவிட்டன. அவர் கண் கலங்குகிறது, எனக்குத் தபேலா கேட்கிறது. பல்லவி முடிந்து, முதல் சரணம் முடிந்து, இடையிசை தொடங்கும் நேரத்தில் பாட்டை நிறுத்தினார்.

"இப்ப ஒண்ணு வரும் பாரு."

வரவிடவில்லை. அது எப்படி வரும், ஏன் அப்படி வருகிறது, வேறு யாருக்கு அப்படி வராது என்று அவுட்ரம் பார்க் வரை சொன்னார். சொல்லி முடித்ததும், "இதைவிட ஒண்ணு இருக்கு. இரு, வந்துட்டேன்." பூகிஸில் இறங்கி சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தபோதும் ஒரே வயரில்தான் நடந்தோம். எதிரே வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

2001 அக்டோபரில் ஐபாட் அறிமுகமானது. சட்டைப்பைக்குள் போகிற அளவு. "அஞ்சு ஜிபிதானே?" என்று அதை அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார். உலகம் அதன் பின்னால் போனது. இவர் அசையவில்லை. 2004-ல் க்ரியேட்டிவே படம் பார்க்கிற பெட்டி ஒன்றை விட்டது, 3.8 அங்குலத் திரை. அதை வாங்கினார். காதோடு தலையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

2006 ஆகஸ்டில் அவருக்கு ஒரு தீபாவளி வந்தது. காப்புரிமை வழக்குகளை முடித்துக்கொள்ள க்ரியேட்டிவுக்கு 100 மில்லியன் டாலர் கொடுக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது. கோப்பிக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். எதற்குக் காப்புரிமை என்று விசாரித்தேன். கலைஞர், ஆல்பம், பாட்டு என்று மெனுவில் படிப்படியாக இறங்கித் தேடுகிற முறைக்காம். அதாவது ஜூரோங் ஈஸ்டிலிருந்து ரெட்ஹில் வரை நான் அனுபவித்தேனே, அதற்கு! 100 மில்லியனில் என் காதுக்கும் ஒரு பங்கு உண்டு என்றேன். சிரிக்கவில்லை.

இனி 'இவர்கள்' என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. அக்கா இதைப் படித்து எப்படியும் சொல்லிவிடுவாள். அத்தான், உங்கள் ரசனையில் குறை சொல்லவில்லை. ராஜாவின் பாட்டை நின்று கேட்க வேண்டும் என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட நீங்கள் முழுசாகப் போட்டதில்லை. அன்றைக்கு ரெட்ஹில்லில் தொடங்கிய பாட்டின் இரண்டாவது சரணம் எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. வலது பக்க வயலினும்.