சரக்கு வாடகைப் பட்டுவாடா இலாகாவுக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ கம்பெனியின் சரக்கு வாடகைப் பட்டுவாடா இலாகா அவர்கள் திவ்ய சமுகத்திற்கு, சங்ககிரியில் லாரி புக்கிங் நடத்தும் ஒரு சிறு ஸ்தாபனத்தில், தங்கள் கம்பெனியின் கணக்கைக் கவனித்துக்கொள்வதையே உத்தியோகமாகக் கொண்ட அக்கவுண்ட் மேனேஜர் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

லோடு ஏற்றிய அன்றே வாடகையில் முக்கால்வாசிக்கு மேல் அட்வான்ஸாக எண்ணி வாங்கிக்கொள்ளாமல் எந்த லாரிக்காரரும் வண்டியைக் கிளப்புவதில்லை. டீசல் பங்க்குக்காரராவது சுங்கச்சாவடியாவது, 'பில் பாஸ் ஆனதும் தருகிறோம்' என்ற வாக்கியத்துக்குச் செவிசாய்த்ததாகச் சரித்திரம் இல்லை. இவ்விதம் உலகம் முழுவதும் ரொக்கத்துக்கு அடிமைப்பட்டுக் கிடக்கும் காலத்தில், 90 நாள் தவணையில் சரக்கை ஊர் சேர்க்கும் வைராக்கியத்தை எங்களுக்குப் பயிற்றுவித்த ஆசான் தாங்களே. வட்டியில்லாக் கடன் வழங்கும் பாங்கு ஒன்று இத்தேசத்தில் உண்டென்றால் அது எங்கள் புக்கிங் ஆபீஸ்தான். கடன் வாங்கியவர் ஏ.சி. அறையில் அமர்ந்திருக்க, கொடுத்தவர் விசிட்டர் சீட்டு எழுதிக்கொண்டு ரிசப்ஷனில் காத்திருப்பது ஒன்றே அதன் விசேஷம்.

சர்க்கார் எங்கள்மீது கருணை கொள்ளாமல் இல்லை. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டம், சிறு ஸ்தாபனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று பங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அது போதாதென்று, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருஷம் வரையில் செலவாகக் காட்டக் கூடாதென்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அன்று எங்கள் முதலாளி ஆபீஸ் முழுவதற்கும் மைசூர்பாகு வழங்கினார். ஆனால் அந்த 45 நாட்கள், தாங்கள் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தல்லவா தொடங்குகின்றன? 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஓர் ஆட்சேபணை எழுப்பிவிட்டால், அது தீரும் வரையில் கெடுவின் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை என்ற சூக்ஷ்மத்தைச் சட்டப் புஸ்தகத்திலிருந்து கண்டெடுத்துக் காரியத்துக்குக் கொண்டுவந்த புத்தி சாதுரியத்தை எவ்வாறு புகழ்வது! பதினான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு என் ஈமெயிலில் மணி அடிக்கும்போது, அது தங்கள் கடாக்ஷமே என்று திறக்காமலே தெரிந்துகொள்கிறேன்.

உதாரணமாக, பிவாண்டி கிடங்குக்குப் போன லோடு. சரக்கு சேதமில்லை, குறைவில்லை. எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் நகலின் பின்புறம், காய்ந்துபோன மைப்பெட்டியில் ஒற்றிய ரப்பர் ஸ்டாம்பைக் கிடங்கு வாட்ச்மேன் பதித்திருந்தார். தங்கள் உதவியாளர் ஒருவர், சரக்கு சேர்ந்ததற்கு அத்தாட்சியான அந்த பி.ஓ.டி.யை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் வெகுநேரம் ஆராய்ந்து, தேதியில் இருப்பது மூன்றா எட்டா என்ற சந்தேகம் தெளியாதவராய், புதிய முத்திரையுடன் வரும்படி என்னைப் பணித்தார். லாரியோ அதற்குள் வேறு லோடு ஏற்றிக்கொண்டு குஜராத்தில் இருந்தது. அந்தக் கிடங்கின் கேட்டில் எழுதி வைத்த தேதியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடுமே என்றேன். அது வேறு இலாகாவாம்.

ஹால்டிங் விஷயத்தில் தங்கள் தர்மம் இன்னும் நுட்பமானது. கேட்டுக்குள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால்தான் ஹால்டிங் சார்ஜ் என்கிறது ஒப்பந்தம். ஆகவே லாரி கேட்டுக்கு வெளியே, சாலையோரத்துப் புளியமரத்தடியில், டிரைவர் ஸ்டவ்வில் சோறு வடித்துக்கொண்டு மூன்று நாள் நிற்கிறது. நுழையாத வண்டி காத்திருப்பதாகக் கருதப்படுவதில்லை. ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு ஆயுள் வழங்கிய அதிகாரிகள், புளியமரத்திலிருந்து தங்கள் கேட் வரையிலான தூரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதன் ஆயுள் முடிகிற வேளையில், நள்ளிரவானாலும் எழுந்து உட்கார்ந்து நீட்டிப்பது என் கடமை.

இதற்கெல்லாம் முறையிட, மேற்படி சட்டத்திலேயே ஒரு கவுன்சில் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே போனவர் பெயர் மறுவருஷத்து ரேட் ஏலத்தின் அழைப்பில் இருக்குமா என்று சோதித்துப் பார்க்கும் தைரியம் எங்கள் முதலாளிக்கு இல்லை. எனக்கும் மாதச் சம்பளத்தில்தான் ஜீவனம். எனவே பணம் கேட்டு இதை எழுதவில்லை. பிவாண்டிக்கு ஒரு புது மைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறோம். அதைக் கிடங்குக்குள் அனுமதிக்க எந்த இலாகாவின் கையெழுத்து வேண்டுமென்று தெரிவித்தால், அடுத்த லோடில் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் சித்தமாயிருக்கிறேன். அதற்கு பில் அனுப்ப மாட்டோம்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
அக்கவுண்ட் மேனேஜர்