ஒத்தையாள்

துரைப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, மாடி மாடியாக அண்ணாந்து பார்த்தபடி ஒரு பையன் நடந்து போனால் அவனைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குப் பையனாக இருக்கக்கூடும். பால்கனிக் கம்பியில் டு-லெட் போர்டு தொங்குகிறதா என்று பார்க்கிறான். அண்ணாந்து பார்ப்பது அவனுக்குப் பிறவிப் பழக்கம். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. மேகமலைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த கழுத்து, இப்போது அதே கோணத்தில் வீடு தேடுகிறது.

எங்கள் பக்கம் இவனை ஒத்தையாள் என்போம். வயது இருபத்தைந்துக்கு மேல், கல்யாணத்துக்குக் கீழ். கையில் ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு சம்பளம், அந்தச் சம்பளத்தைப் பற்றி ஊரில் அவன் அம்மா சொல்லி வைத்திருக்கும் இன்னொரு தொகை. சென்னையில் வீட்டு ஓனரிடம் சொல்வது இந்த மூன்றாவதைத்தான்.

ஒத்தையாள் ஆரம்பத்திலேயே ஒத்தையாள் இல்லை. அவன் மாமா காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன் இருந்தது. ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, பொதுக் குளியலறைக்கு வாளியோடு ஒரு வரிசை. இவன் காலத்தில் ஊர்க்காரப் பையன்களோடு ‘ரூம்’. இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். இன்டர்வியூவுக்கு வந்தவன், விசா வேலையாக வந்தவன், சும்மா கடல் பார்க்க வந்தவன் என்று மேலே எப்போதும் இரண்டு பேர். அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடி செவ்வாய்க்கிழமை தாண்டாது. துண்டு யாருடையது என்று கேட்பது அங்கே கெட்ட பழக்கம். ஒருநாள் ராத்திரி ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்து பார்த்தால், இவன் பாயில் முன்பின் தெரியாத ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். தட்டி எழுப்பினால், “நான் கூடலூர் மாப்ள, நாளைக்குப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறான். அன்றைக்குத்தான் தனி வீடு பார்ப்பது என்று முடிவாகிறது.

முடிவைக் கேட்டதும் ஊரில் அப்பத்தா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஒத்தையில எதுக்குடா வீடு? பேய்க்கா வாடகை குடுக்கப் போற?” சித்தப்பாவுக்கு வரலாறு தெரியும். “பண்ணைப்புரத்துல இருந்து இளையராசா போகலையா? அல்லிநகரத்துல இருந்து பாரதிராசா போகலையா? அவுகள்லாம் சேந்து தங்கித்தானப்பா மேல வந்தாக.” அவர்கள் மேலே வந்தார்கள், உண்மைதான். எந்த மாடியில் தங்கினார்கள், எத்தனை மாத அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பதைச் சித்தப்பா சொல்வதில்லை. எங்கள் ஊரில் இளைஞனுக்குச் சொல்லும் எந்த அறிவுரையும் இந்த இரண்டு பெயரைத் தொடாமல் முடிந்ததில்லை.

கொஞ்சம் முந்தைய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. பிழைக்கப் போனவர்கள் கம்பம் மெட்டு, போடி மெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்குப் போனார்கள். தோட்டக்காரர் லயத்து வீடு கொடுத்தார். வரிசையில் ஒரு அறை, நனைந்த விறகு, நாலு பக்கமும் அட்டை. அட்வான்ஸ் கேட்க மட்டும் அங்கே ஆளில்லை.

சரி, ஒத்தையாளின் நேர்காணலுக்கு வருவோம். கம்பெனி நேர்காணலில் மூன்று சுற்று என்றால், இங்கே ஓனரம்மா ஒருவரே மூன்று சுற்றையும் வாசற்படியில் நின்றபடி முடித்துவிடுவார். முதல் சிக்கல், அவரை எப்படிக் கூப்பிடுவது. ஊர்ப் பழக்கத்தில் “அக்கா” என்றால், ‘இவன் சீக்கிரம் ஒட்டிக்கொள்வான்’ என்று பயப்படுகிறார். “ஆன்ட்டி” என்றால் முகம் சுருங்குகிறது. “மேடம்” என்றால் வாடகை ஐந்நூறு ஏறுகிறது.

“ஃபேமிலியா?”

“இல்ல மேடம், நான் மட்டும்தான்.”

“ஃபேமிலிக்குத்தான் குடுக்கறது.”

“எனக்கும் ஃபேமிலி இருக்கு மேடம். ஊர்ல.”

“எந்த ஊரு?”

“தேனி.”

“தேனின்னா?”

“மதுரைக்கு அங்கிட்டு.”

அவ்வளவுதான். ‘மதுரை’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஓனரம்மா கண்ணில் இருபது வருடத் தமிழ் சினிமா ஓடுகிறது. சுமோக்கள் புழுதி கிளப்புகின்றன. மதுரையிலிருந்து தேனியை 1996-ல் அரசு பிரித்துவிட்டது. சென்னை ஓனர்கள் இன்னும் பிரிக்கவில்லை. நாலு வீடு பார்த்துத் தேறியவர்கள் விவரமாகப் பேசுவார்கள்: “மூணாறு போற வழி மேடம்.” உடனே கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும். “ஓ, சில்லுனு இருக்குமே! நாங்க வந்திருக்கோம்.” தேனியில் அவர்கள் பஸ்ஸை விட்டுக்கூட இறங்கியிருக்க மாட்டார்கள். அது இப்போது முக்கியமில்லை.

“நான்வெஜ் சமைப்பீங்களா?”

“எனக்குச் சமைக்கவே தெரியாது மேடம்.”

உண்மையைச் சொன்னதற்குப் பலன் உடனே கிடைக்கும். “அப்ப கிச்சன் எதுக்கு வேஸ்டா? கிச்சன் இல்லாம மொட்டை மாடில ஒரு ரூம் இருக்கு. வாடகை அதேதான்.”

அடுத்து கணக்கு. வாடகை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,20,000. இதோடு மெயின்டனன்ஸ், தண்ணீர், புரோக்கர் இருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. அந்தச் சலுகை கீழ்வீடு வரை வந்து அங்கேயே தங்கிவிடும். மாடிக்கு ஏறும்போது யூனிட் பத்து ரூபாய். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்கள். மூன்று மாதம் இருந்தாலும் சரி, முப்பது வருடம் இருந்தாலும் சரி, சுவர் ஒரே அளவுதான் அழுக்காகும் போலிருக்கிறது.

ஒத்தையாள் படித்தவன். சட்டம் பேசிப் பார்ப்பான். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இதை அவன் செல்போனில் இறக்கி, மஞ்சள் கோடு போட்டு ஓனரிடம் காட்டுவான். ஓனர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முழு நாளும் படிக்க நேரம் உள்ளவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகச் சொல்வார்: “அதுக்கு முன்னாடி இருக்கற வார்த்தையையும் படிங்க தம்பி. ‘வேறு உடன்பாடு இருந்தால் தவிர’ன்னு போட்டிருக்கா? அந்த வேறு உடன்பாடுதான் இப்ப நாம பேசிட்டிருக்கறது.”

ராத்திரி அப்பாவுக்குப் போன் போகும். “மனுச ஈவு இரக்கமே இல்லாத ஊருப்பா.” “ஆமாடா, அம்புட்டும் காசுப் பேய்க” என்று அப்பா உருகுவார். இந்த அப்பாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் தேனியில் பெரியகுளம் ரோட்டுப் பக்கம் மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் அவர். அன்று சாயங்காலம்தான் திருவாரூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி வீடு கேட்டு வந்தார். நல்ல பையன், நெற்றியில் திருநீறு.

“ஃபேமிலிய எப்பக் கூட்டியாருவீக?”

“கல்யாணம் ஆகல சார்.”

“தனியாளுக்குக் குடுக்கறதில்லையே தம்பி. பொம்பளப் புள்ளைக பொழங்குற தெரு பாருங்க. தப்பா எடுத்துக்காதீக, காப்பி சாப்ட்டுப் போங்க.”

காப்பி கொடுக்கிறார்கள் என்பதுதான் சென்னைக்கும் தேனிக்கும் வித்தியாசம். கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வருகிற பிள்ளைகள், கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகி வரும் ஊழியர்கள், கல்யாணமாகாத டீச்சர்கள் என்று எத்தனையோ பேர் இந்தக் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறார்கள். இரக்கம் கொஞ்சம் கூடினால், “வாடகைக்கு இல்ல, ஒத்திக்குன்னா பாக்கலாம்” என்பார் அப்பா. ஒத்தி என்றால் மூன்று லட்சமோ நாலு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் வாடகை கிடையாது. போகும்போது முழுப் பணமும் திரும்ப வரும். பணம் வாங்கிய மறுநாளே ஓனர் அதை மகள் கல்யாணத்திலோ பழைய கடனிலோ போட்டுவிடுவார். திரும்பக் கேட்கும் நாளில் அடுத்த ஒத்திக்காரரைத் தேடி ஓனரும் ஒத்திக்காரரும் சேர்ந்தே அலைவார்கள். மாதச் சம்பளத்துக்கு வந்த ஒத்தையாளிடம் நாலு லட்சம் ஏது?

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. “நீங்க என்ன ஆளுக?” சுற்றி வளைப்பதில்லை. சென்னையில் இதையே சைவமா அசைவமா, பூர்வீகம் எங்கே, குலதெய்வம் எது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் இரண்டு ஊரிலும் ஒரே வாக்கியம்: “அடடா, நேத்துதான் பேசி முடிச்சோம்.” போர்டு மட்டும் அடுத்த மாதமும் தொங்கும். அந்தப் போர்டுக்குக் கீழே நடந்து போகிற பையனிடம் சிரிப்பாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பெண்களில் ஒத்தையாள் என்றால் கேள்வித்தாள் நீளம். ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய், யார் கொண்டுவந்து விடுவார்கள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கடைசிக் கேள்வி ஊரில் பெரியம்மா கேட்பதுதான். சென்னையில் அதைக் கேட்பதற்கு வாடகையும் வாங்குகிறார்கள். அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் இருக்கின்றன, பெண்கள் பாதுகாப்பாகத் தங்கலாம். ஆனால் அது விடுதி. ஞாயிற்றுக்கிழமை தன் அடுப்பில் தான் நினைத்த நேரத்தில் கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு விடுதி என்ன செய்யும்?

அவள் கண்டுபிடித்திருக்கும் வழி அம்மா. வீடு பார்க்கும் நாளுக்கு மட்டும் போடியிலிருந்து அம்மாவை வரவழைப்பது. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தியபிறகு, 2022 மே மாதம்தான் தேனிக்கு மறுபடி ரயில் வந்தது. 2023 ஜூனிலிருந்து போடியில் ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல், வாரத்துக்கு மூன்று நாள். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து இன்னொரு பயணம். அதனால் அம்மாவுக்கு ரயில்தான். கையில் போடி ஏலக்காய் கால் கிலோ, புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி. அம்மா போய் ஓனர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, ஏலக்காயை நீட்டி, ஓனரம்மாவின் முட்டிவலிக்கு வைத்தியம் சொல்லி முடிப்பதற்குள் வீடு முடிந்துவிடும்.

“அம்மா கூடவே இருப்பாங்கல்ல?”

“வந்து வந்து போவாக மேடம். வாரத்துக்கு மூணு நாள் ரயில் இருக்கே.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பையன்களுக்கு இந்த வழி அவ்வளவாகப் பலிப்பதில்லை. அம்மாவைக் காட்டினாலும், ‘அம்மா ரயில் ஏறினதும் ஆறு பேர் வருவான்’ என்று ஓனர் கணக்குப் போடுவார். கணக்கு தப்பில்லை, அந்தக் கூடலூர்க்காரன் இன்னும் சென்னையில்தான் இருக்கிறான். ஆகவே ஒத்தையாளுக்குக் கடைசியில் அமைவது மொட்டை மாடி ரூம். மேலே சிமென்ட் ஷீட், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, எதிரே நாலு வீட்டுத் துணி. ஆனி ஆடியில் ஊரில் சாரல் காற்றுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு திரிந்தவன், மே மாதத்துச் சென்னையில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனாலும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் தன் பாய், தன் பருப்புப்பொடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் வரும்.

குடிபோன ஒரு மாதத்தில் அப்பா ரூம் பார்க்க வருவார். மகன் பயந்துகொண்டே இருப்பான். அப்பா ஷீட்டைத் தட்டிப் பார்ப்பார், குழாயைத் திறந்து பார்ப்பார், “இதுக்கா ஒம்பதாயிரம்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஓனரைப் பார்த்து நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார். சண்டைச் சத்தம் வருகிறதா என்று மகன் படிக்கட்டில் நின்று காது கொடுப்பான். அரை மணி நேரம் போகும். கேட்பது சிரிப்புச் சத்தம்.

“எங்க ஊர்லயும் அதேதான் சார். புதுச் சுவத்துல ஆணி அடிக்கிறாய்ங்க.”

“ஆணி பரவால்ல, போகும்போது பல்பைக் கழட்டிட்டுப் போறாங்க சார்.”

“பல்பா? எங்க கீழ் போர்ஷன்ல கொடிக்கயிறையே கழட்டிட்டுப் போனாய்ங்க!”

இரண்டாவது காப்பி உள்ளே போகிறது. ராத்திரி ரயிலுக்குக் கிளம்பும்போது அப்பா முகத்தில் அப்படி ஒரு தெளிவு. சென்ட்ரல் போகிற ஆட்டோவிலேயே வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார்: “ஏய், அந்த நோட்ட எடு. மேல் போர்ஷன்காரவுக காலி பண்ணும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை புடிக்கணும்னு எழுதி வை. கரண்டுக்கு யூனிட் எம்புட்டு வாங்குறோம்? ஏழா? அதை அடிச்சிரு.”